அக்காவுக்கு அடுத்த ரிவிஷன்

"சாவியை எந்தத் தேதியில குடுக்கறீங்கம்மா?" என்று வீட்டுக்காரர் மாடிப்படியில் நின்று கேட்டபோது, வேறு யாருடைய சாவியையோ கேட்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு ஒரு கையில் குப்பைக் கூடை, இன்னொரு கையில் பால் பாக்கெட். காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் என்னிடம் யாரும் வாய் கொடுக்கக் கூடாது என்பது அந்தக் கட்டடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும்.

"எந்தச் சாவி?"

"உங்க சாவிதான். மாசக் கடைசியில காலி பண்றீங்கன்னு உங்க மாமா போன் பண்ணினாரே. கல்யாணமாமே! ரொம்ப சந்தோஷம்."

அவருக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். குடிவர என்னைவிடச் சிரித்த முகமாக ஒரு ஆளை அதற்குள் பிடித்து வைத்திருப்பார்.

"நான் எங்கயும் காலி பண்ணல. எனக்குக் கல்யாணமும் இல்ல. மாமாவுக்கு அவ்வளவு ஆசையா இருந்தா அவர் வீட்டை அவர் காலி பண்ணட்டும்," என்று சொல்லிவிட்டுக் கதவை அறைந்து சாத்தினேன். பால் பாக்கெட் கதவிடுக்கில் மாட்டி உடைந்து கால் முழுக்கப் பால். அந்தக் கோபத்தையும் சேர்த்துக்கொண்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

மாமா என் அம்மாவின் தம்பி. குடும்பத்தில் அவருக்குத் 'தீர்ப்பு' என்று பெயர். யாரும் கேட்காமலே தீர்ப்புச் சொல்வார், சொன்ன பிறகு அப்பீல் கிடையாது.

"யாரைக் கேட்டு என் வீட்டைக் காலி பண்றதாச் சொன்னீங்க?"

"கத்தாதே. நல்ல காரியத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு பண்ண வேண்டாமா? ஞாயித்துக்கிழமை அத்தான் வீட்டுக்கு வந்துடு. உட்கார்ந்து பேசி முடிச்சுடலாம். ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போட்டோ வேணுமாம், அதையும் அங்கயே எடுத்துடலாம்."

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே?"

"வேண்டாம்னும் சொல்லலையே?"

அங்கேதான் மனுஷன் என்னைப் பிடித்தார். நான் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாததற்குக் காரணம் ஒன்றே ஒன்று. அதற்கு எட்டு வயது, உதட்டுக்கு அடங்காத இரண்டு முன்பல், கோபம் வந்தால் கையில் கிடைப்பதை வீசும் பழக்கம். வீட்டில் அதற்குக் கடுகு என்று பெயர்.

கடுகு என் அக்காவின் மகள். அக்கா போன வருஷம் ஜுரம் என்று படுத்தாள். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். ஒரே வாரம், எல்லாம் முடிந்துவிட்டது. டீயை ஆறவைத்து ஐஸ் மாதிரி குடிப்பவள், சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துத் தொலைப்பவள், என் சம்பள நாளை என்னைவிட நன்றாக நினைவில் வைத்திருப்பவள். எங்களுக்குள் வாரம் ஒரு சண்டையாவது நடக்கும். இப்போது சண்டை போட ஆளில்லாமல் ஊரோடெல்லாம் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் போன பிறகு அம்மா போய் அத்தான் வீட்டில் இருக்கிறாள். அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது, ஓட முடியாது. அதனால் வேலை முடிந்ததும் தினமும் நான் அங்கே போவேன். கடுகுக்குத் தலை வாரி, வீட்டுப்பாடம் பார்த்து, சாப்பிட வைத்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் என் அறைக்குத் திரும்புவேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு நாள் அத்தான் என்னை வாசல்வரை கொண்டுவிட வந்தார். அன்றைக்கே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், அவர் யாரையும் வாசல்வரை கொண்டுவிடும் ஆளில்லை.

"குழந்தைக்கு ஒரு அம்மா வேணும்," என்றார். "நீ வந்தா உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. நீ இல்லேன்னா வேற ஒருத்தியைத்தான் பார்க்கணும். வர்றவ, செத்துப்போனவளோட தங்கச்சி தினமும் வந்து வீட்டுல உட்கார்றதை விரும்புவாளா? யோசிச்சுக்கோ."

அத்தான் டைல்ஸ் ஷோரூம் ஒன்றில் மேனேஜர். இது ஒரு ரகம், அது ஒரு ரகம், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாடிக்கையாளரிடம் சொல்லும் அதே குரலில்தான் சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது. அவரைக் கட்டிக்கொண்டால் கடுகு உண்டு. மாட்டேன் என்றால் கடுகு கிடையாது.

எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது. அக்கா இருக்கும்போதும் பிடிக்காது. அவள் சிரிக்கும்போதெல்லாம் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். ஆனால் கடுகு இல்லாமல் ஒரு சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஒரு மாதமாக வாயைத் தைத்துக்கொண்டு திரிந்தேன்.

வேடிக்கை என்னவென்றால், கடுகுக்கு இப்போது என்னைக் கண்டாலே ஆகாது. பெரியவர்கள் பேசியது காதில் விழுந்திருக்கிறது. தலை வாரப் போனால் சீப்பைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிகிறாள். "நானே வாரிக்குவேன். நீ போ," என்கிறாள். வாரிக்கொள்ளவும் தெரியாது, பிடிவாதத்துக்கும் குறைச்சல் இல்லை. அப்படியே அக்கா.

நான் வேலை பார்ப்பது பம்ப் தயாரிக்கும் கம்பெனியில். அங்கே டிராயிங் அறை என் ராஜ்யம். பம்ப்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு டிராயிங் உண்டு. ஏதாவது அளவை மாற்றினால் அதற்கு அடுத்த ரிவிஷன் என்று திருத்திய டிராயிங் வரும். புதுசு வந்ததும் பழசின் குறுக்கே சிவப்பு மையில் ஒரு முத்திரை குத்துவேன்: சூப்பர்சீடட். இதற்காகவே பட்டறையில் என்னை 'ஸ்டாம்பு மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பேரும் உண்டு, அது இங்கே வேண்டாம்.

சூப்பர்சீட் என்றால், பின்னால் வந்த ஒன்று முன்னால் இருந்ததன் இடத்தில் உட்கார்ந்து, அதன் வேலையையும் அதிகாரத்தையும் எடுத்துக்கொள்வது. பழசைக் கிழித்துப் போடுவதில்லை. அது பாட்டுக்கு அலமாரியில் இருக்கும், ஆனால் இனிமேல் அதைப் பார்த்து யாரும் வேலை செய்யக் கூடாது. புதுசு என் கைக்கு வந்து சேராமல் பழசின் மேல் முத்திரை விழாது. பட்டறையில் வைத்திருக்கும் பழைய பிரதியைத் திருப்பிக் கொடுக்காதவருக்குப் புதுப் பிரதி கிடையாது, முதலாளியே வந்து நின்றாலும் கிடையாது. புது டிராயிங்கின் மூலையில் 'மாற்றத்துக்குக் காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் கொண்டுவந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவேன்.

என்னிடம் இன்னொரு முத்திரையும் இருக்கிறது: கேன்சல்ட். ஒரு பாகத்தை இனிமேல் செய்வதே இல்லை என்றால் அதைக் குத்த வேண்டும். அதற்கு அடுத்த ரிவிஷன் வராது. தேடாதே, போய் வேறு வேலையைப் பார் என்று அர்த்தம்.

இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருமுறை பெரிய கூத்தே நடந்தது. அக்கா இறந்து நான் லீவில் இருந்த சமயம். என் நாற்காலியில் ஜெராக்ஸ் அண்ணனை உட்காரவைத்திருந்தார்கள். பிரதி எடுக்கும் மெஷின் அவர் பொறுப்பு, நல்ல மனுஷன், ஆனால் அவசரக்காரர். நிறுத்திவிட்ட பழைய பம்ப் ஒன்றின் மூடி டிராயிங்கில் கேன்சல்ட் குத்துவதற்குப் பதிலாக சூப்பர்சீடட் குத்திவிட்டார். பிறகு அந்தப் பழைய பம்ப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருந்த யாரோ ஒரு மூடி மட்டும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். ஃபோர்மேன் டிராயிங்கை எடுத்துப் பார்த்தார், சிவப்பில் முத்திரை. அப்படியென்றால் புதுசு ஒன்று எங்கேயோ இருக்கிறது என்று அலமாரி அலமாரியாகத் தேடினார்கள். இல்லாத ஒன்று எப்படிக் கிடைக்கும்? கடைசியில் ஃபோர்மேன் வேறொரு பம்ப்பின் மூடியை எடுத்து, பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று அதையே செய்து அனுப்பிவிட்டார். மாட்டிய அன்றைக்கே சுற்றுவட்டம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடித்து, மூடி திரும்பி வந்தது.

லீவு முடிந்து வந்து இதைக் கேட்டதும் ஜெராக்ஸ் அண்ணனை நான் திட்டிய திட்டு, மெஷின் சத்தத்தையும் மீறிப் பட்டறைக்கே கேட்டதாம்.

"எதைக் குத்தினா என்ன மேடம்? எப்படியும் பழசு போயாச்சு இல்ல?" என்றார் அவர்.

"பழசு போறது வேற, அந்த இடத்துக்கு ஒண்ணு வந்திருக்குன்னு சொல்றது வேற. இல்லாததை இருக்குன்னு சொல்லிட்டா, தேடறவன் கையில கிடைச்சதை எடுத்து மாட்டத்தான் செய்வான்."

"ஒரே சைஸ் மாதிரிதான் இருந்துச்சு," என்று பக்கத்தில் நின்ற ஃபோர்மேன் முனகினார். அவரையும் விடவில்லை.

வீட்டுக்காரர் சாவி கேட்ட அன்றைக்கும் இதே ஃபோர்மேன்தான் வந்து வாய்த்தார். புதுப் பிரதி வேண்டுமாம். பழையதைக் கேட்டால் எண்ணெய் கொட்டிவிட்டது, கிழிந்துவிட்டது, காணோம் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார்.

"அதுல உங்க பென்சில் கணக்கெல்லாம் இருக்கு, அதனால மேஜைக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கீங்க. பழசைக் குடுங்க, புதுசை வாங்கிக்குங்க."

"வீட்டுல யாரும் பேசறதுக்கு இல்லேன்னா இப்படித்தான், ஆபீஸ்ல வந்து எங்க உயிரை வாங்குவாங்க," என்றார் அவர்.

முன்னால் கிடந்த டிராயிங்கில் முத்திரையை ஓங்கி ஒரு குத்து. கட்டை என் கையில் நின்றது, ரப்பர் தனியாகப் பிய்ந்து அவர் ஷூ பக்கத்தில் போய் விழுந்தது. ஜெராக்ஸ் அண்ணன் சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மினார்.

சனிக்கிழமை அந்த முத்திரையையும் மை டப்பாவையும் முத்திரை செய்யும் கடைக்கு எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் ரப்பரை ஒட்டி, டப்பாவில் புது மை ஊற்றிக் கொடுத்தார். இரண்டையும் கைப்பையில் போட்டேன். அதோடுதான் ஞாயிற்றுக்கிழமை அத்தான் வீட்டுக்குப் போனேன். போகும்போது பஸ்ஸில், சரி என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். உலகத்தில் எத்தனையோ பேர் பிடிக்காதவனோடு குடித்தனம் நடத்தவில்லையா, நமக்குக் கடுகாவது மிஞ்சுமே என்று நினைத்தேன். அவ்வளவு தூரம் இறங்கிப் போயிருந்தது மனசு.

அத்தான் கதவைத் திறந்தார். முகச்சவரம் பளிச்சென்று இருந்தது. மாமா இன்னும் வரவில்லை, அம்மா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடுகு ஹாலில் ஒரு மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"வா, உனக்கு ஒண்ணு காட்டணும்," என்று அத்தான் உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அக்காவின் அலமாரியைத் திறந்தார். ஒரு துணியைக்கூட எடுக்கவில்லை, எல்லாம் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்தது. கீழ்த்தட்டில் அவளுடைய வீட்டுச் செருப்பு, கழுவித் துடைத்து, ஜோடியாக.

"எதையும் வீணாக்க வேண்டாம்னுதான் எடுத்து வெச்சிருக்கேன். செருப்பு உனக்கும் ஆறாம் சைஸ்தானே? போட்டுப் பாரேன்."

எனக்குக் கால் கூசியது. அந்தச் செருப்பின் குதிகால் பக்கம் ஒருபுறமாகத் தேய்ந்திருந்தது. அக்கா ஒரு காலைச் சாய்த்து வைத்துத்தான் நடப்பாள்.

"அத்தான், இதெல்லாம் அவளோடது."

"அதனால என்ன? எங்க ஷோரூம்ல தினமும் வருவாங்க. தரையில ஒரு டைல் உடைஞ்சுடுச்சு, அதே மாதிரி வேணும்னு. நான் என்ன சொல்வேன் தெரியுமா? அதே பேட்ச்ல தேடுங்க, இல்லேன்னா கலர் சேராது. அதே பேட்ச் வீட்டுலயே இருக்கும்போது வெளியில எதுக்கு அலையணும்?"

பெருமையாகச் சொன்னார். நல்ல உதாரணம் சொல்லிவிட்டதாக அவருக்கு எண்ணம். இந்த மனுஷனோடு பத்து வருஷம் எப்படிச் சிரித்துக்கொண்டிருந்தாள் அவள்? அலமாரிக் கதவைச் சாத்தினேன், அவர் விரலை எடுப்பதற்குள். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் வருத்தமும் இல்லை.

ஹாலுக்கு வந்தால் கடுகு என் கைப்பையைக் கவிழ்த்துப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தாள். கையில் முத்திரை.

"இது என்ன?"

"என் ஆபீஸ் ஸ்டாம்பு. வை."

"என்ன எழுதியிருக்கு? எல்லாம் திருப்பித் திருப்பி இருக்கு."

ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. அதனால் திட்டாமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். "சூப்பர்சீடட்னு எழுதியிருக்கு. ஒரு புதுசு வந்துடுச்சுன்னா, பழசு மேல இதைக் குத்துவோம். இனிமே பழசு செல்லாது, புதுசுதான் செல்லும்னு அர்த்தம்."

கடுகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த அக்கா போட்டோவைப் பார்த்தாள்.

"அப்போ எங்கம்மா மேல இதைக் குத்தப் போறீங்களா?"

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் வார்த்தையைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வாசல் மணி அடித்தது, மாமா வந்துவிட்டார்.

மாமா உட்கார்ந்ததும் தீர்ப்பு ஆரம்பமாயிற்று. பதிவு அலுவலகத்துக்கு யார் சாட்சி, என் சாமான்களை எந்த வண்டியில் ஏற்றுவது, பழைய கட்டிலை விற்றுவிடலாமா. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாமா சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, "போட்டோ முதல்ல எடுத்துடுவோம், வெளிச்சம் போயிடும்," என்றார். "மாப்பிள்ளை, நல்ல வெள்ளைச் சட்டையாப் போட்டுக்கிட்டு வாங்க."

"அதை நேத்தே எடுத்து மாட்டி வெச்சிருக்கேன்," என்று அத்தான் உள்ளே போனார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் வெங்காய வாடை. "அக்கா ஆத்மா சாந்தி அடையும்டி. வேத்து மனுஷி கையில குழந்தையைக் குடுக்க எனக்கு மனசு வரல. எனக்காகச் செய்யேன்."

"அம்மா, அவர் என்னைக் கேட்கலம்மா. அக்கா செருப்புக்குக் கால் தேடறார்."

"எல்லா ஆம்பிளையும் அப்படித்தான்," என்றாள் அம்மா. அதற்கு மேல் அவளிடம் என்ன பேச?

அத்தான் வெள்ளைச் சட்டையோடு வந்து என் பக்கத்தில் சுவரோரமாக நின்றார். மாமா போனைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க," என்றார். நான் ஒட்டவில்லை. "இங்க வெளிச்சம் சரியில்ல, ஜன்னல் பக்கம் வாங்க," என்றார் மாமா. அத்தான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார்.

முதுகு முழுக்கச் சிவப்பு. காலருக்குக் கீழே ஒன்று, தோளுக்குத் தோள் வரிசையாக, இடுப்புவரை. சூப்பர்சீடட், சூப்பர்சீடட், சூப்பர்சீடட். சில எழுத்துத் தெளிவாக, சிலது மை வழிந்து. புது மை, காயவே இல்லை. நடுமுதுகில் ஒன்று தலைகீழாக இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத இடம்தான், அக்கா இருந்திருந்தால் தரையில் உருண்டிருப்பாள். நான் சிரித்ததைப் பார்த்து அத்தான் முதுகைத் தடவினார், கை சிவந்தது, அந்தக் கையோடு முகத்தைத் துடைத்தார், முகமும் சிவந்தது.

"யார் செஞ்சது?" என்று கத்தினார். கேட்க வேண்டியதே இல்லை. கடுகு மூலையில் நிமிர்ந்து நின்றிருந்தாள், பத்து விரலும் சிவப்பு. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது உள்ளறைக்குப் போய் வந்திருக்கிறாள்.

அத்தான் கையை ஓங்கிக்கொண்டு போனார். நான் குறுக்கே போய் நின்றேன். "அவ மேல கை பட்டுச்சு, அப்புறம் நடக்கறதே வேற."

"நகரு. என் பொண்ணை அடிக்க நான் யாரைக் கேட்கணும்?"

என் இடுப்புக்குப் பின்னாலிருந்து கடுகு கத்தினாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "அம்மா பழசாயிட்டாங்கன்னா அப்பாவும் பழசுதான்! எனக்குப் புது அம்மா வேணும்னா புது அப்பாவும் வேணும்!"

மாமாவிடம்கூடத் தீர்ப்பு இல்லை. அம்மா தலைப்பில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் கடுகு பக்கம் திரும்பி மண்டியிட்டேன். "தப்பாக் குத்திட்டே," என்றேன். "உனக்கு அரைகுறையாச் சொல்லிக்குடுத்தது என் தப்பு. புதுசு ஒண்ணு நிஜமாவே கையில இருந்தாத்தான் இதைக் குத்தலாம். உங்கப்பாவுக்குப் பதிலா வேற அப்பா இருக்காரா?"

அவள் யோசித்தாள். இல்லை என்று தலையாட்டினாள், கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

"அப்போ செல்லாது. உங்கம்மாவுக்குப் பதிலாவும் யாரும் இல்ல. நானும் இல்ல. உங்கம்மாவுக்கு அடுத்த ரிவிஷன் கிடையாது. நான் சித்தி. சித்தியாவேதான் இருப்பேன்."

எழுந்து அத்தானைப் பார்த்தேன். "அத்தான், எங்க கம்பெனியில பழசை மாத்தணும்னா காரணம் எழுதணும். என் அக்காகிட்ட என்ன குறைன்னு ஒரு வரி சொல்லுங்க. சொன்னா, இப்பவே போட்டோவுக்கு நிக்கறேன்."

அவர் சுவரில் இருந்த அக்கா போட்டோவைப் பார்த்தார். போட்டோவிலிருந்து அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை என்பதே அவருக்குப் பெரிய அவமானமாக இருந்தது போல.

"வெளியே போ," என்றார். "இனிமே இந்த வாசல்ல காலை வைக்காதே. உங்கம்மாவைப் பார்க்கணும்னா வெளியில கூட்டிட்டுப் போய்ப் பாரு. குழந்தையை மறந்துடு."

"இவ்வளவு திமிரு பொம்பளைக்கு ஆகாது," என்று மாமா ஒருவழியாகத் தீர்ப்பைக் கண்டுபிடித்தார்.

தரையில் கொட்டிக் கிடந்ததை எல்லாம் வாரிக் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடுகு என்னைப் பார்க்கவில்லை. பழையபடி மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள். "கடுகு, வரேன்," என்றேன்.

பஸ்ஸில் அழுதேன். ஜன்னல் பக்கம் திரும்பி நாகரிகமாக அல்ல, பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்து வேறு இடம் பார்த்துப் போகும் அளவுக்கு. அக்காவின் இடத்தைக் காப்பாற்றிவிட்டேன், அவள் குழந்தையைத் தொலைத்துவிட்டேன். சொன்னதற்காக வருந்தவில்லை. ஆனால் இனிமேல் சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கே போவது?

மறுநாள் ஆபீசில் ஃபோர்மேன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் எண்ணெய்க் கறையோடு பழைய பிரதி. அதிசயம்தான். "இந்தாங்க, பழசு. புதுசைக் குடுங்க," என்றார். முத்திரைக்காகக் கைப்பையில் கைவிட்டேன். மை டப்பா இருந்தது. முத்திரை இல்லை. பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், இழுப்பறை எல்லாம் பார்த்தேன். இல்லை.

"ஸ்டாம்பு மேடம் ஸ்டாம்பைத் தொலைச்சுட்டாங்க!" என்று ஃபோர்மேன் பட்டறைக்கே கேட்கும்படி அறிவித்தார். அவருக்கு அன்றைக்குத்தான் சம்பள நாள் மாதிரி. சிவப்புப் பேனாவால் கையில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் போன் வந்தது. அம்மாவின் எண்.

"அம்மா?"

"அம்மா இல்ல, நான்," என்றது கடுகின் குரல். அவளுக்குக் கோபம் இன்னும் தீரவில்லை என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே தெரிந்தது. "உன் ஸ்டாம்பு என்கிட்டதான் இருக்கு. வேணும்னா வந்து வாங்கிக்கோ."

போனை வைத்துவிட்டாள்.

நான் போனேன். மணி அடித்தேன். கதவைத் திறந்தது அத்தான். பின்னால் கொடியில் அந்தச் சட்டை தொங்கியது, துவைத்துத் துவைத்து வெளிறிய ரோஸ் நிறம். என்னைப் பார்த்ததும் அவர் கதவைப் பாதி சாத்தினார்.

"உன்னை வராதேன்னு சொன்னேன்ல?"

"ஆபீஸ் சாமான் இங்க இருக்கு. கம்பெனிச் சொத்து. இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு மேனேஜரே வந்து நிப்பார். வரச் சொல்லட்டுமா?"

மேனேஜர் அப்படி வர மாட்டார். அது எனக்குத் தெரியும், அத்தானுக்குத் தெரியாது. அவர் உள்ளே பார்த்துக் கத்தினார். "கடுகு! அந்தச் சனியனைக் குடுத்துத் தொலை!"

கடுகு வந்தாள். தலை அவளே வாரியிருந்தாள், வகிடு ஆறு மாதிரி வளைந்து போயிற்று. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வாசல்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவளைத் தாண்டி யாராலும் கதவைச் சாத்த முடியாது.

"குடு," என்றேன்.

"முதல்ல தலை வாரிவிடு."

சீப்பு அவள் பின்னால் கட்டியிருந்த கையில்தான் இருந்தது. வாங்கி, அந்தப் படியிலேயே உட்கார்ந்து வாரினேன். நான் வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. அத்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், போகவும் முடியாமல் சாத்தவும் முடியாமல். ஒரே ஒரு சிக்கில் சீப்பு மாட்டியபோது அவள் "ஸ்ஸ்" என்றாள், சீப்பைப் பிடுங்கவில்லை. வகிட்டை நேராக்கிப் பின்னி முடித்து, கையை நீட்டினேன்.

"இப்பக் குடு."

கடுகு எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

"இன்னைக்குத் தரமாட்டேன். நாளைக்கு வா."

அத்தான் என்னை முறைத்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவளிடம் கேட்டேன்: "நாளைக்கு எத்தனை மணிக்கு?"